ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் நடுவே இருபது நாட்கள்

எங்கள் வீட்டில் தறி ஓடினால்தான் கூலி. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் நூல் வாங்கிப் போர்வை நெய்து கொடுக்கும் குடும்பம் எங்களுடையது. நெய்த உருப்படிக்குத்தான் பணம். நின்ற தறிக்கு ஒரு பைசா கிடையாது. மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு நோம்பி, அதாவது பண்டிகை, என்றால் விடுமுறை. நெசவுக்காரர் வீட்டில் அது கூலியும் இல்லாமல் செலவும் சேர்ந்து வருகிற நாள். புரட்டாசி பிறந்ததிலிருந்து கார்த்திகை தீபம் வரைக்கும் சென்னிமலையில் அப்படிப்பட்ட நாட்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். புரட்டாசிச் சனிக்கிழமைகள், சரஸ்வதி பூஜை, விஜயதசமி, தீபாவளி, கந்த சஷ்டி, கார்த்திகை என்று எதையும் விட மனம் வராது. விடவும் கூடாது என்பதுதான் என் கட்சி. இந்த மூன்று மாதம்தான் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் எதிர்பார்த்துக் கிடக்கிற மாதங்கள்.

ஆனால் அந்த மகிழ்ச்சிக்கு வீட்டுப் பெண்கள் கொடுக்கிற விலை அதிகம். தீபாவளிக்கு முதல் நாள் இரவு பன்னிரண்டு மணி வரை அடுப்படியில் நின்றுவிட்டு, விடியற்காலை நான்கு மணிக்கு வெந்நீர் போட எழுந்து, காலை பத்து மணிக்கு எல்லாரும் புதுத்துணியோடு சிரித்துக்கொண்டிருக்கும்போது மூலையில் சுருண்டு படுத்துக்கிடக்கும் பெண்களை எல்லாத் தெருவிலும் பார்க்கலாம். பண்டிகையைச் சுருக்கத் தேவையில்லை, வேலையைப் பரத்திப் போட்டால் போதும் என்பது எங்கள் வீட்டில் நடைமுறையாகிவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் நாள் கணக்கு. தீபாவளி எந்தத் தேதியில் வரும் என்று இங்கிலீஷ் காலண்டரை நம்பித் திட்டம் போட்டால் ஆண்டுக்கு ஆண்டு குழப்பம்தான். 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. ஆனால் ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் இடையில் எந்த ஆண்டும் ஏறக்குறைய இருபது நாட்கள்தான். ஒன்று நவமி, மற்றொன்று அமாவாசையை ஒட்டியது. அந்த இடைவெளி மாறாது. எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் இந்த இருபது நாட்களை வைத்தே வகுத்துக்கொள்கிறோம். ஆயுத பூஜைக்கு முன் முடிய வேண்டியவை, அதற்குப் பின் முடிய வேண்டியவை என்று இரண்டே பிரிவு. இரண்டுக்கும் நடுவில் தறிக்கு வேலை இருக்கிறது. தீபாவளியையொட்டிக் கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் 30 சதவீதத் தள்ளுபடி விற்பனை நடக்கும் காலம் அது. சங்கத்திலும் சரக்குக்கு அவசரம். நல்ல கூலி வருகிற நாட்களைப் பலகாரத்துக்கும் கடைத்தெருவுக்கும் பறிகொடுக்கக் கூடாது.

துணி எடுப்பதைப் புரட்டாசியிலேயே முடித்துவிடுவோம். ஒரு சனிக்கிழமை காலையில் பஸ் ஏறி ஈரோடு போய், கோட்டையில் கஸ்தூரி அரங்கநாதரைச் சேவித்துவிட்டு, அப்படியே ஈஸ்வரன் கோயில் வீதிக்கு நடந்தால் பன்னீர்செல்வம் பார்க் வரைக்கும் ஜவுளிக் கடைகள்தான். புரட்டாசியில் அங்கே நின்று நிதானமாகப் பார்க்கலாம், விலை கேட்கலாம், பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அதே வீதியில் பிள்ளையின் கையை விட்டுவிட்டால் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. மொத்தமாக எடுக்கிறவர்களுக்குத் திங்கட்கிழமை இரவு தொடங்கி செவ்வாய் வரை கூடுகிற வாரச் சந்தை இருக்கிறது. நான்கைந்து வீட்டுக்குச் சேர்த்து எடுத்தால் அதில் நிச்சயம் ஆதாயம். தைக்கக் கொடுப்பதாக இருந்தால் ஆயுத பூஜைக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு டெய்லர் துணியை வாங்கிக்கொள்வார். ஆனால் என்றைக்குத் தருவார் என்று சொல்ல மாட்டார்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் பக்கத்தில் தீபாவளிச் சீட்டு, பலகாரச் சீட்டு என்று வாரா வாரம் கட்டுகிற வழக்கம் பலமாக இருக்கிறது. கடைசியில் ஸ்வீட், பட்டாசு, எண்ணெய், பாத்திரம் என்று மொத்தமாகக் கொடுப்பார்கள். நேர்மையாக நடத்துகிறவர்கள் உண்டு. ஆனால் பக்கத்து ஊரில் ஒருவர் ஐப்பசி பிறக்கும் சமயத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். எங்கள் தெருவில் தறிக்கு நூல் தார் சுற்றிப் பிழைக்கிற ஒரு விதவைப் பெண் அந்தச் சீட்டில் ஆண்டு முழுவதும் கட்டியிருந்தார். அந்தத் தீபாவளிக்கு அவர் பிள்ளைகளுக்குத் தெருவே சேர்ந்து துணி எடுத்துக் கொடுத்தது. ஆனாலும் அந்தப் பெண்ணின் முகம் அன்று முழுவதும் நிமிரவில்லை. 1982-ஆம் ஆண்டின் சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவு செய்யாத சீட்டில் பணம் போட்டுவிட்டு அதைத் திரும்ப வாங்குவது எவ்வளவு கடினம் என்பதைக் கிட்ட இருந்து பார்த்தோம்.

நாங்கள் பாங்கில் பன்னிரண்டு மாதத் தொடர் வைப்புக் கணக்கு வைத்திருக்கிறோம். தபால் நிலையத்திலும் தொடர் வைப்பு உண்டு, ஆனால் அது ஐந்து ஆண்டுகளுக்கானது. தீபாவளிச் செலவுக்குப் பொருந்தாது. கணக்கைத் தொடங்குவதிலும் ஒரு கவனம் வேண்டும். தீபாவளி முடிந்த கையோடு தொடங்கினால், அடுத்த ஆண்டு தீபாவளி பத்துப் பதினோரு நாள் முந்தி வந்துவிட்டால் பணம் பண்டிகைக்குப் பிறகுதான் கைக்கு வரும். எங்கள் கணக்கு ஆவணியில் முதிர்கிறது. அந்தப் பணத்தை அத்தை, அதாவது என் மாமியார், கையில் கொடுத்துவிடுவோம். துணி, பலகாரம், பட்டாசு மூன்றும் அதற்குள் அடங்க வேண்டும். சங்கத்தில் தருகிற போனஸை இதில் சேர்ப்பதே இல்லை. அது என்றைக்கு வரும், எவ்வளவு வரும் என்பது நம் கையில் இல்லாத விஷயம். வந்தால் தறிச் சாமான்களுக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் போகும்.

ஆயுத பூஜை எங்களுக்குத் தீபாவளியை விடப் பெரிய நாள். எங்கள் தெருவில் கொலு வைக்கிற வீடு ஆசிரியர் வீடு ஒன்றுதான். ஒன்பது நாளும் சுண்டலுக்குப் பிள்ளைகள் அங்கே போய்விடுவார்கள். மற்ற வீடுகளில் நவராத்திரி என்றால் தறிக்குச் செய்கிற பூஜைதான். முதல் நாள் மத்தியானத்தோடு தறியை நிறுத்திவிடுவோம். அதற்குப் பிறகு நடக்கிற சுத்தம்தான் முக்கியம். நெய்கிற இடத்தில் பஞ்சுத்தூசி எங்கெல்லாம் போய் ஒட்டும் என்பது நெசவு வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். கூரை மூங்கிலில், ஒட்டடையில், சுவிட்சுப் பெட்டியின் மேல், ஃபேன் இறக்கையில், ஜன்னல் கம்பி இடுக்கில் எல்லாம் சாம்பல் நிறத்தில் மெத்தென்று படிந்திருக்கும். மெயினை அணைத்துவிட்டு, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, முதலில் மேலே, பிறகு கீழே என்ற வரிசையில் எடுக்க வேண்டும். தண்ணீர் தெளித்துக் கூட்டினால் தூசி சேறாகித் தறிக் குழிக்குள் இறங்கிவிடும். உலர்ந்த துடைப்பம்தான் சரி. எடுத்த பஞ்சைத் தெருவில் குவிக்காமல் சாக்கில் கட்டி அன்றைக்கே அப்புறப்படுத்திவிடுவோம். இருபது நாள் கழித்துப் பட்டாசு வெடிக்கப்போகும் தெரு அல்லவா.

மறுநாள் ஊடை நூலை ஓட்டுகிற நாடா, ராட்டை, தறி அச்சு, கத்தரிக்கோல், பிள்ளைகளின் புத்தகங்கள், என் மகளின் கணக்கு நோட்டு, அத்தையின் அரிவாள்மணை வரைக்கும் கழுவித் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்து வரிசையாக அடுக்குவோம். தறிக்கு வாழைக்கன்று கட்டுவோம். பொரி, பொட்டுக்கடலை, நாட்டுச் சர்க்கரை, வாழைப்பழம், கொண்டைக்கடலைச் சுண்டல் படைப்போம். வெண்பூசணியில் துளை போட்டுக் குங்குமத்தை நிரப்பித் தெருவில் உடைக்கிறார்களே, அதை நாங்கள் வாசலோரமாக உடைத்து, கற்பூரம் அணைந்தவுடனே கூட்டி அள்ளிவிடுகிறோம். பெருந்துறை சாலையில் அன்று இரவு பைக்கில் வருகிறவர்கள் பூசணித் துண்டில் சறுக்கி விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகு நடுரோட்டில் உடைக்க மனம் வருவதில்லை. திருஷ்டி கழிப்பது இன்னொருவர் எலும்பை உடைக்கிற வேலையாகிவிடக் கூடாது.

விஜயதசமி காலையில் என் கணவர் தறியில் உட்கார்ந்து நான்கு விரற்கடை நெய்வார். மகன் ஒரு பக்கம் சத்தமாகப் படிப்பான். அவ்வளவுதான், அன்றிலிருந்து வீடு தீபாவளிக்குத் தயாராகிறது.

பலகாரத்துக்கு வருகிறேன். இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நான்கு வீட்டுப் பெண்கள் கூடி, ஒரு நாள் ஒரு வீடு என்று முறை வைத்துக்கொண்டோம். ஒரே பெரிய வாணலி, ஒரே அடுப்பு, நான்கு வீட்டுக்கும் சேர்த்து ஒரே நாளில் ஒரு பலகாரம். இதில் எண்ணெயும் கேஸும் மிச்சம். அதைவிடப் பெரிய மிச்சம் உடம்புக்கு. தனியாக ஒரு பெண் நான்கு நாள் நிற்பதற்கும், நான்கு பேர் மாறி மாறி நிற்பதற்கும் எவ்வளவோ வித்தியாசம். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் கவுந்தப்பாடிப் பக்கத்துச் சரக்கு. வெண்ணெய் ஊத்துக்குளி. எண்ணெய் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய். இந்த மூன்றில் மட்டும் நாங்கள் சிக்கனம் பார்ப்பதில்லை. பலகார வகையைக் குறைத்துக்கொள்வோம், சாமானின் தரத்தைக் குறைக்க மாட்டோம். அதிரசம், முறுக்கு, கச்சாயம் மூன்றே போதும்.

அதிரசத்துக்குப் பாகு வைப்பது இன்னும் அத்தைதான். ஒரு கிலோ பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணி விரித்துப் பரப்புவார். கையில் அள்ளினால் ஈரம் தெரிய வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது; அந்தப் பக்குவத்தில் மில்லுக்கு அனுப்பிவிட வேண்டும். காய்ந்துவிட்டால் மாவு பாகை இழுக்காது. முக்கால் கிலோ வெல்லத்தைக் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கரைத்து, வடிகட்டி, மறுபடி அடுப்பில் வைப்பார். நுரை பெரிது பெரிதாக வந்து பிறகு அடங்கி, சிறு சிறு குமிழியாகப் பொங்கும்போது பக்கத்தில் இருக்கிற கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விடுவார். அது கரைந்தால் பாகு ஆகவில்லை. விரலால் திரட்டினால் திரண்டு, எடுத்துப் பிடித்தால் வளைந்து தொங்க வேண்டும். போன தீபாவளிக்குத்தான் கிண்ணத்தை என் மகள் கையில் கொடுத்தார். அவள் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆயிடுச்சுங்க ஆத்தா" என்றாள். "அவசரப்படாதே கண்ணு, இன்னும் ஒரு கொதி வரட்டும்" என்று அத்தை சொல்லி, அந்த ஒரு கொதி வந்ததும் தானே சட்டியை இறக்கினார். ஏலக்காய், சுக்குப் பொடி போட்டு, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கிளறி, மேலே நெய் தடவி மூடி வைத்தால் இரண்டு நாள் கழித்துத் தட்டலாம். எண்ணெயில் போட்டதும் பிரிந்து கரைந்து போனால் பாகு இளசு. கொஞ்சம் அரிசி மாவு சேர்த்துப் பிசைந்தால் தேறிவிடும். கல்லாக வந்தால் பாகு முற்றிவிட்டது என்று பொருள். காய்ச்சிய பால் தெளித்து இளக்கலாம். அடுப்பு எப்போதும் நிதானமாக எரிய வேண்டும்.

முறுக்குக்கு எங்கள் அளவு நான்கு பங்கு பச்சரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்தரைத்த உளுந்து மாவு. மாவை மொத்தமாகப் பிசைந்து வைக்கக் கூடாது. நேரம் ஆக ஆக முறுக்கு சிவந்து எண்ணெய் குடிக்கும். ஒரு ஈடுக்கு ஒரு தடவை பிசைவதுதான் சரி. அச்சு பிழிவது ஆண்கள் வேலை என்று எங்கள் நான்கு வீட்டிலும் தீர்மானமாகிவிட்டது. நாளெல்லாம் தறி இழுத்த கைக்கு முறுக்கு அச்சு ஒரு பாரமே இல்லை. முதல் ஆண்டு, "ஏனுங்க, கொஞ்சம் வந்து அச்சைப் பிடியுங்கள்" என்று கூப்பிட்டபோது என் கணவர் தயங்கியது அடுப்படிக்கு வருவதற்குத்தான், வேலைக்கு அல்ல. அத்தை, "தின்கிற கை பிழியட்டும் சாமி" என்று சொன்னார். இப்போது சாயங்காலம் தறி நிறுத்தியதும் அவரே வந்துவிடுகிறார். பையன் மாவு சலிக்கிறான். மகள் யார் வீட்டுக்கு எத்தனை என்று எண்ணி டப்பாவில் போடுகிறாள். பலகாரம் செய்வது பெண்களின் பிறவிக் கடமை என்று அந்தப் பையன் நினைத்து வளரப்போவதில்லை. இந்த ஏற்பாட்டில் எனக்குப் பெரிய திருப்தி அதுதான்.

ஐப்பசி அடைமழையில் காற்றே ஈரமாக இருக்கும். பலகாரம் முழுவதும் ஆறிய பிறகு எவர்சில்வர் டப்பாவில் போட்டு இறுக்கி மூடாவிட்டால் இரண்டே நாளில் முறுக்கு நமத்துவிடும். கச்சாயம் அதிக நாள் தாங்காது. பச்சரிசியை ஊறவைத்து வெல்லத்தோடு கெட்டியாக அரைத்துச் சுடுகிற அதைத் தீபாவளிக்கு முதல் நாள்தான் செய்ய வேண்டும்.

தலை தீபாவளி வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. மாப்பிள்ளைக்கு மோதிரம், பெண்ணுக்குப் பட்டு, வண்டி நிறையப் பலகாரம் என்று வட்டிக்கு வாங்கிச் சீர் செய்கிற வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் கேட்டால் துணியும் பலகாரமும் போதும் என்றுதான் சொல்வேன். மாப்பிள்ளை வீட்டார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பட்டாசு விஷயத்தில் நெசவு வீடுகளுக்குக் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். வீட்டுக்குள் நூலும் துணியும் பஞ்சுமாக இருக்கிறது. தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலமே தறி இருக்கிற அறையின் ஜன்னல்களைச் சாத்தி, ஓட்டு இடுக்குகளை ஈரச் சாக்கால் அடைத்து, வாசலில் இரண்டு குடம் தண்ணீரும் ஒரு வாளி மணலும் வைத்துவிடுவோம். தெருவுக்கே ராக்கெட் கிடையாது என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடித்தது நல்ல காரியம். அரசு அனுமதிக்கிற நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. பிள்ளைகளுக்கு அந்த இரண்டு மணி நேரம் தாராளம். பாலியஸ்டர் உடுப்போடு வெடிக்க விடுவதில்லை. பழைய காட்டன் துணியைப் போட்டு, காலில் செருப்போடுதான் போக வேண்டும். கையில் சுட்டுக்கொண்டால் உடனே குழாயைத் திறந்து இருபது நிமிடம் தண்ணீர் ஓடவிட வேண்டும். மஞ்சள், பற்பசை, இங்க் எதையும் தடவக் கூடாது. கொப்புளம் பெரிதாக இருந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

என் நாத்தனாரைக் கட்டிக் கொடுத்திருப்பது வெள்ளோட்டில். அங்கே பறவைகள் சரணாலயத்தைச் சுற்றியிருக்கிற ஊர்களில் வெடி வெடிப்பதே இல்லை. வடகிழக்குப் பருவமழைக்கு ஏரி நிறைகிற சமயத்தில் வந்து கூடு கட்டுகிற பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று ஊர்க்காரர்களே தங்களுக்குள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு அது. 2022-இல் அந்த ஏரி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஊர்க்காரர்களின் கட்டுப்பாடு அதற்கும் முந்தியது. தீபாவளி மத்தியானம் நாங்கள் அங்கே போவோம். பிள்ளைகள் முதலில் முகம் சுருக்கினார்கள். இப்போது மாமாவோடு ஏரிக்கரைக்குப் போய் கூழைக்கடாவையும் நத்தைகுத்தி நாரையையும் பார்த்துவிட்டு, இரவு மத்தாப்பு மட்டும் கொளுத்துகிறார்கள். பட்டாசுச் செலவும் பாதியாகிவிட்டது.

தீபாவளிக் காலையில் எண்ணெய்க் குளியல் எல்லாருக்கும் உண்டு, ஆனால் எல்லாருக்கும் நான்கு மணிக்கு இல்லை. அத்தைக்குப் பொழுது விடிந்து சற்று வெளிச்சம் வந்த பிறகுதான். மழைக் குளிரில் வயதானவர்களை இருட்டில் எழுப்பி, எண்ணெய் வழுக்குகிற கல்லில் நிற்க வைப்பது ஆபத்து. உட்கார முக்காலி, பிடிக்க ஒரு கை, நல்ல சூட்டில் வெந்நீர், குளித்தவுடன் துவட்டிக்கொள்ள உலர்ந்த துண்டு, பிறகு சுக்கும் மிளகும் திப்பிலியும் போட்டுக் கிளறிய மருந்து ஓர் உருண்டை. காலைச் சாப்பாடு இட்லியும் கறிக்குழம்பும். புரட்டாசி விரதம் முடிந்து சில நாட்களே ஆகியிருந்தால் கறிக்கடையில் நிற்க இடம் இருக்காது. முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். அன்று அமாவாசையும் சேர்ந்துவிட்டால் அத்தை கறி தொட மாட்டார். அவருக்குத் தனியாகத் தேங்காய்ச் சட்னியும், கச்சாயமும் உண்டு.

அடுத்த ஆறு நாள் சஷ்டி. கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய தலம் என்று எங்கள் ஊர் பெருமைப்படுகிற மலைக்கோயில், 1,320 படி. விரதம் இருக்கிறவர்கள் வெயில் ஏறுவதற்கு முன் ஏறி இறங்கிவிடுவது நல்லது, மழை பெய்திருந்தால் பாறைப் படியில் பாசி வழுக்கும். முட்டி வலிக்காரர்களுக்கு வண்டிப் பாதை இருக்கிறது. அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு கார்த்திகைக்கு வேலை குறைவு. புது அகல்களை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் எடுத்து உலர்த்தினால் எண்ணெய் குடிக்காது. விளக்கு வாசலிலும் திண்ணையிலும் கிணற்றடியிலும் வைப்போம். தறி இருக்கிற அறையில் மட்டும் வைப்பதில்லை, நிலைப்படிக்கு வெளியே ஒன்று ஏற்றிக் கும்பிட்டுவிடுவோம். மறுநாள் காலையில் மகளின் நோட்டை எடுத்து, நான்கு வீட்டுப் பலகாரக் கணக்கையும் நேர் செய்து, பாக்கியைக் கொடுத்து வாங்கி, வாணலியை அடுத்த ஆண்டு முறை வருகிற வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவோம்.